பகல் போன்

பட்டப்பகலில் என் போன் அடித்தால் நான் எழுந்து நின்றுவிடுவேன். ஊரில் எல்லாருக்கும் அகாலத்தில் வருகிற அழைப்புதான் பயம். எனக்கு மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை. அந்த நேரத்தில் ஆபீசில் யார் போன் அதிர்ந்தாலும் என் கை முதலில் என் பையைத்தான் தடவும். பக்கத்து நாற்காலிக்காரி சிரிப்பாள். சிரிக்கட்டும், அவளுக்கு என்ன தெரியும்.

இந்த வியாதி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது, அதனால் சுற்றி வளைக்கப் போவதில்லை.

செம்பூரில் ஒரு கம்பெனியில் எனக்குத் திரை வடிவமைக்கிற வேலை. போனைத் திறந்தால் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், எவ்வளவு பெரிசு என்பதையெல்லாம் தீர்மானித்துக் கொடுக்க வேண்டும். அம்மா தாராவியில் இருக்கிறாள். நானும் அங்கே பிறந்து வளர்ந்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு முலுண்டுக்குப் போய்விட்டேன். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, தினமும் காலையில் ஊசி. வீட்டில் உட்கார்ந்தபடியே ரெடிமேட் சட்டைகளுக்கு நூல் வெட்டிக் கொடுக்கிறாள். அவளுக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் மூன்று பாஷையில் சண்டை போடுவாள்.

எங்கள் வரிசையில் ஒன்பது வீடுகள். வீட்டுக்கு ஒரு போன். காலையில் வேலைக்குப் போகிற ஆண்களோடும் காலேஜுக்குப் போகிற பிள்ளைகளோடும் அந்தப் போன்களும் கிளம்பிப் போய்விடும். அப்புறம் சாயங்காலம் வரை வரிசையில் பெண்கள்தான், அவர்களிடம் இருப்பது ஒன்றோ இரண்டோ போன்தான். அம்மா வீட்டைவிட்டு நகராதவள் என்பதால் அவள் போன் எப்போதும் உண்டு. அதற்குப் 'பகல் போன்' என்று பேரே வைத்திருந்தார்கள். யாருக்கு என்ன அவசரம் என்றாலும் அம்மாவின் வாசலுக்குத்தான் ஓடி வருவார்கள்.

வரிசையில் பாதிப் பேருக்கு மேல் எழுத்து தெரியாது. அதனால் எல்லாப் போனிலும் ஒரே ஏற்பாடு. திரையில் நான்கு கட்டம். மேலே இடப்பக்கம் வீட்டு ஆள். மேலே வலப்பக்கம் மூத்த பிள்ளை. கீழே இடப்பக்கம் தெருமுனை டாக்சிக்காரர். கீழே வலப்பக்கம் டிஸ்பென்சரி டாக்டரம்மா. எந்த வீட்டுப் போனை எடுத்தாலும் கட்டம் மாறாது. பெயரை வாசிக்க வேண்டாம், மூலை தெரிந்தால் போதும். எதிர்வீட்டு அத்தை இருட்டறையில் போர்வைக்குள்ளிருந்தே டாக்சிக்காரரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

இந்த ஏற்பாட்டைச் செய்தது யார் தெரியுமா? நான்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, பொத்தான் வைத்த போன் காலத்திலேயே, ஒன்பது வீட்டுப் போனையும் மடியில் போட்டுக்கொண்டு எண்களைப் பதிந்து கொடுத்தேன். தொடுதிரை வந்ததும் அதையே கட்டங்களாக மாற்றினேன். அன்றைக்கு எனக்கு இருந்த புத்தி, படித்து, சம்பளம் வாங்கி, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பிறகு எங்கே போயிற்று என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

போன வருஷம் கம்பெனியில் வயதானவர்களுக்கான போன் திரை ஒன்றைச் செய்ய ஆரம்பித்தோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி திரை கொடுப்பதா, அவரவர் இஷ்டத்துக்கு மாறுகிற திரை கொடுப்பதா என்று சண்டை. எங்கள் மேலாளர் மாட்டுங்காவில் பிறந்து மாட்டுங்காவிலேயே குடியிருக்கிற பாலக்காட்டு மனிதர். ஒரே மாதிரிதான் வேண்டும் என்று அவர் கட்சி.

"ஆயிரம் பேருக்கு ஆயிரம் திரைன்னா எவன் உக்காந்து டெஸ்ட் பண்றது, சொல்லு? நாளைக்கு அந்த போனை இன்னொருத்தர் கையில குடுத்தா அவாளுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது, கேட்டியோ."

"சார், போனை எதுக்கு இன்னொருத்தர் கையில குடுக்கணும்? போன்ங்கறது பல் பிரஷ் மாதிரி. அவங்கவங்களுக்கு அவங்கவங்களது."

கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்பது வீட்டுக்கு ஒரு பகல் போன் இருந்த வரிசையில் வளர்ந்தவள் வாயிலிருந்து வந்த பேச்சு அது. இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போலிருக்கிறது.

சொன்னதை நிரூபிக்க அம்மாவைப் பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அவள் போனில் இருந்த நான்கு கட்டத்தையும் அழித்துவிட்டு, எங்கள் புதுத் திரையைப் போட்டேன். ஆறு படங்கள். யாருக்கு என்ன படம் என்பதை அம்மாவையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

அப்படி ஒரு மத்தியானம் எனக்கும் அவளுக்கும் வாய்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. டாக்சிக்காரருக்கு ஆடு, ஏனென்றால் அவர் வண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டைக் கட்டி வளர்க்கிறார். டாக்டரம்மாவுக்கு முருங்கைக்கீரை, எந்த நோய்க்கும் அதைத்தான் தின்னச் சொல்வாளாம். ஊரில் இருக்கிற சித்திக்குப் பச்சைக் கண்ணாடி வளையல். துணி கொண்டுவந்து போடுகிற சேட்டுக்குக் கத்தரிக்கோல். பக்திப் பாட்டுக்கு விளக்கு.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"ஒனக்கு மஞ்ச ரெயின்கோட்டு."

"ஏன்?"

"மூணு வயசுல வாங்கிக் குடுத்தது. மழ நின்ன பொறவும் கழட்டவே மாட்டேன்னுட்டியேட்டி. அதப் போட்டுக்கிட்டேதான் ஒறங்குவ. ஒங்கப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படங்களுக்குக் கீழே பெயர் எதற்கு, வாசிக்கவா போகிறாள் என்று பெயர்களையும் எடுத்துவிட்டேன். அவள் யாரை அதிகம் கூப்பிடுகிறாளோ அவர் தானாகவே மேலே ஏறி வருகிற மாதிரியும் வைத்தேன். திரை அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன், கூட்டத்தில் காட்டுவதற்கு.

மூன்று வாரம் கழித்து அந்தக் கூட்டம். மதியம் பன்னிரண்டரை. சுவரில் அம்மாவின் திரை ஆள் உயரத்துக்குத் தெரிகிறது. அதில் சித்தியின் வளையல் முதலிடத்திலும், சேட்டின் கத்தரிக்கோல் இரண்டாவதாகவும் இருந்தன. அன்று காலை அம்மாவின் போன் தானாகவே கம்பெனிக்கு அனுப்பிய புதுப் படம் என்பதால், என் ரெயின்கோட் நான்காவது இடத்துக்கு இறங்கியிருந்ததையும் எல்லாருக்கும் முன்னால்தான் பார்த்தேன். உறுத்தியது. அம்மா என்னைக் கூப்பிடுவதில்லை. ஏனென்றால் நான் எப்போதும் 'மீட்டிங்கில் இருக்கேன்மா' என்பேன்.

மேஜையில் என் போன் அதிர்ந்தது. ஊரிலிருந்து சித்தி. அவள் எந்த நேரத்திலும் வம்பளக்கக் கூப்பிடுகிறவள், வெட்டிவிட்டேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடி வெட்டினேன். மூன்றாவது தடவை மேலாளரே, "எடு, எடு, என்னன்னு கேளு" என்றார்.

"ஏளா, அங்க என்ன நடக்கு?" சித்தியின் குரல் கிழிந்துபோயிருந்தது. "அக்கா போன்லருந்து எவளோ கூப்புட்டு அழுதா. அக்கா விழுந்து கெடக்காளாம். வாயி குழறுதாம். நான் கேட்டுக்கிட்டு இருக்கும்போதே பாட்டு போட்டுட்டு வச்சிட்டா!"

எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் ஊசி போட்டிருப்பாள். சேட் அவசரம் என்றிருப்பான். சாப்பிடாமல் நூல் வெட்டிக்கொண்டிருந்திருப்பாள். சர்க்கரை இறங்கிவிட்டது. முன்பு ஒருமுறை, நான் மட்டும் வீட்டில் இருந்த நாளில், இப்படி ஆனபோது டாக்டரம்மா போனிலேயே சீனி கொடுக்கச் சொல்லி, டாக்சிக்காரர் வண்டியோடு வந்து நின்று, பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மூலையில் இரண்டு அழுத்தல், அவ்வளவுதான். அந்த மூலைகளைத்தான் நான் அழித்துவிட்டிருந்தேன்.

அம்மாவின் எண்ணை அழுத்தினேன். பிஸி. மறுபடி. பிஸி. டாக்சிக்காரரைக் கூப்பிடலாம் என்றால் அவர் எண் என்னிடம் இல்லை. டாக்டரம்மாவின் எண்ணும் இல்லை. எதிர்வீட்டு அத்தையின் போன் அவள் புருஷனோடு அந்தேரியில் இருக்கிறது, அந்த எண்ணும் இல்லை. எல்லாம் அம்மாவின் போனில் ஆடாகவும் கீரையாகவும் இருந்தன. இருபது வருஷம் குடியிருந்த வரிசைக்கு என் கையில் வேறு வழியே இல்லை. பையை எடுத்தேனா, செருப்பைச் சரியாகப் போட்டேனா, தெரியவில்லை. சுவரில் ஆடு நின்றுகொண்டிருந்தது.

ஆட்டோவில் ஏறி, "பையா, ஜல்தி, சயான்" என்று விரட்டினேன். செம்பூரிலிருந்து சயான் வரை எத்தனை சிக்னல் என்று அன்றைக்குத்தான் எண்ணினேன். ஒவ்வொரு சிக்னலிலும் அம்மாவின் எண். பிஸி, பிஸி, பிஸி. பிஸி என்றால் யாரோ அழுத்திக்கொண்டிருக்கிறார்கள், அழுத்திக்கொண்டிருந்தால் இன்னும் முடிந்துவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடவுளே, அந்த ரெயின்கோட்டை ஒரு தடவை தொடச் சொல்லு, ஒரே ஒரு தடவை, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

அங்கே என்ன நடந்தது என்பதை அத்தை பின்னால் சொல்லிக் கேட்டேன். அம்மா சரிந்து கிடந்ததைப் பார்த்ததும் போனை எடுத்து, வழக்கம்போல் மேலே வலப்பக்கத்தை அழுத்தியிருக்கிறாள். லைனில் நான் வருவேன் என்று நினைத்தாளாம். சேட் வந்து, "மால் கல் ஆயேகா", துணி நாளைக்கு வரும் என்று சொல்லி வைத்துவிட்டான். டாக்சிக்காரருக்காகக் கீழே இடப்பக்கத்தை அழுத்தினாள். விளக்கு, பக்திப் பாட்டு பெருங்குரலில் ஆரம்பித்துவிட்டது, நிறுத்தத் தெரியவில்லை. பாட்டு பாட்டுக்கு ஓட, மேலே இடப்பக்கத்தை அழுத்தினாள், சித்தி கிடைத்தாள். பதற்றத்தில் கைபட்டு அதுவும் அறுந்து, மறுபடியும் பாட்டு. அப்புறம் சேட்டை நான்கு தடவை, சித்தியை இரண்டு தடவை. தெருமுனைக்கு ஓடிய ஒருத்தி, டாக்சி சவாரிக்குப் போயிருக்கிறது, டிஸ்பென்சரி மதியத்துக்குப் பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டாளாம்.

"அந்த ஆடு?" என்று கேட்டேன்.

"மட்டன் கடைன்னு நெனச்சேன்ட்டி."

"முருங்கைக்கீரை?"

"காய்காரன்."

"ரெயின்கோட்டு?"

"அது சட்டன்னே நெனச்சேன். சேட்டு மாதிரி இன்னொரு துணிக்காரன் போலன்னு விட்டுட்டேன்."

மூன்று வாரமாக யார் வந்து கேட்டாலும் அம்மாவேதான் படத்தைத் தொட்டுக் கொடுத்திருக்கிறாள். அந்தப் படங்களுக்கெல்லாம் அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் தரையில் கண் சொருகிக் கிடந்தாள்.

சயானில் ஆட்டோ நின்றது. அதற்கு அந்தப் பக்கம் நகருக்குள் ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனாலும் டிரைவரிடம் கத்தினேன். இறங்கி ஓடினேன். தாராவிப் பக்கம் கடக்கிற ஸ்டேஷன் நடைபாலத்தில் ஏறும்போது ஒரு தடவை, ஒரே தடவை, மணி போயிற்று. அத்தை எடுத்துவிட்டாள். பின்னால் பாட்டு அலறுகிறது.

"அத்தே! அம்மா முழிச்சிருக்காளா?"

"கண்ணு தொறந்துருக்கு, பேச்சு வரல. வேர்த்து ஊத்துது. சீனி குடுக்கவான்னு இவளுவ கேக்காளுவ. சக்கர வியாதிக்காரிக்கு எப்படிட்டி சீனி குடுக்கது? நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஐயோ, குடுங்க! சீனிதான் வேணும்! கன்னத்துக்கு உள்ள வச்சுத் தேயுங்க. தண்ணி ஊத்திராதிய. தேயுங்க அத்தே, இப்பவே!"

"நெசமாவா சொல்லுத? அப்புறம் எதும் ஆச்சுன்னா?"

"என் தலைல போடுங்க. தேயுங்க!"

போனை வைக்கவில்லை. பாலத்தின் நடுவில் ஓடிக்கொண்டே காதில் வைத்திருந்தேன். டப்பா திறக்கிற சத்தம். 'வாயத் தொற மதினி, வாயத் தொற' என்கிற அத்தையின் அழுகை. எதிரில் வந்த யார்மேலோ மோதினேன். அவர் திட்டினார், திட்டிவிட்டுப் போகட்டும். அந்தப் பாட்டை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். இன்றைக்கு எந்தக் கோவில் வாசலில் அது கேட்டாலும் அங்கிருந்து வேகமாக நடந்துவிடுவேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலை நனைந்திருந்தது, உதட்டில் சீனி ஒட்டியிருந்தது. ஒன்பது வீட்டுப் பெண்களும் அறைக்குள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் நிறுத்தினேன். அம்மா என்னைப் பார்த்து, குழறலாக, "இந்த நேரத்துல ஏன் வந்த? வேல இல்லியா?" என்றாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

சவாரி முடிந்து வந்திருந்த டாக்சிக்காரரை ஓடிப் போய்க் கூட்டிவந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இன்னும் கால் மணி போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். மீதியைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் உட்கார்ந்து முதல் காரியமாக அம்மாவின் போனிலிருந்து ஆறு படத்தையும் அழித்தேன். பழைய நான்கு கட்டத்தை வைத்தேன். இரண்டு தடவை தப்பாகப் பதிந்தேன்.

அம்மா தெளிந்ததும் போனைக் கேட்டாள். பார்த்தாள். முகம் மாறிப்போயிற்று.

"எங்கட்டி என் ஆடு?"

"எடுத்துட்டேன்மா."

"எவ ஒன்ன எடுக்கச் சொன்னா?"

"அதனாலதாம்மா இவ்வளவும். நீ செத்துப்போயிருப்ப, புரியுதா?" பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "ஒம்போது வீட்டுலயும் ஒரே கட்டம். ஒரே டப்பா. ஒரே கலர் பக்கெட்டு. அந்தப் போனத் தொறந்தாத்தான் இது எனக்குன்னு ஒண்ணுன்னு இருந்துச்சு. ஒன் ரெயின்கோட்டப் பாத்தா ஒங்கப்பா சிரிக்கது கேக்கும். அதப் போயி அழிச்சிட்டியே" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் உயிரா, அவள் ஆடா என்று என்னிடம் யாரும் கேட்காமலே நான் தீர்மானித்திருந்தேன். மறுபடி கேட்டாலும் உயிர்தான் என்பேன். ஆனால் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

ஆபீசில் என் திட்டத்துக்கு எதிராக நானே பேசினேன். கட்டங்கள் நகரக் கூடாது, பெயரை எடுக்கக் கூடாது, யார் எடுத்தாலும் நான்கு மூலை நான்கு மூலையாகவே இருக்க வேண்டும் என்றேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "பல் பிரஷ்னு சொன்னியே?" என்றார். காரணத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனால், அத்தை வாசலிலேயே நின்று தன் போனை நீட்டினாள். "பாரு." நான்கு கட்டம் அப்படியே. ஆனால் கீழே இடப்பக்கம் ஓர் ஆடு. வலப்பக்கம் முருங்கைக்கீரை. பக்கத்து வீட்டுக்காரி தன் போனைக் காட்டினாள், ஆடு. அதற்கடுத்த வீட்டிலும் ஆடு. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எல்லாரையும் உட்கார வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் கதை சொல்லியிருக்கிறாள். கதை பிடித்துப்போய், மொபைல் கடைக்காரனிடம் கொடுத்து எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். அம்மா உள்ளே நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சிரித்தாள்.

அப்போதுதான் மேலே வலப்பக்கத்தைக் கவனித்தேன். மூத்த பிள்ளையின் இடம். அங்கே மஞ்சள் ரெயின்கோட். அத்தையின் போனிலும் அதுதான், பக்கத்து வீட்டிலும் அதுதான். ஒன்பது போனிலும்.

"அத்தே, இது என் நம்பர்லா?"

"ஆமா."

"ஒங்க மவன் நம்பர் எங்க? அவங்கவங்க பிள்ளை நம்பர்லா இருக்கணும்?"

"எங்க பிள்ளைங்க எங்க எடுக்குதுவ? அடிச்சு அடிச்சு ஓயும்." அத்தை என் கன்னத்தைத் தட்டினாள். "நீ எடுப்பட்டி. ஒனக்குத்தான் பயம் இருக்கு."

போன வாரம் மதியம் ஒன்றரைக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படிக்கு ஓடினேன். "யாரு? என்ன ஆச்சு?"

ஒரு பெண் குரல். கடைசி வீட்டுக்கு வாடகைக்குப் புதிதாக வந்தவளாம், நான் பார்த்ததே இல்லை.

"ஒண்ணுமில்லக்கா. இன்னிக்குத்தான் ரெயின்கோட்டு போட்டுக் குடுத்தாங்க. எடுப்பீங்களான்னு அழுத்திப் பாத்தேன்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா எப்படி இருக்கிறாள், சாப்பிட்டாளா என்று கேட்டேன். சாப்பிட்டாச்சு, இங்கேதான் இருக்காங்க என்றாள். பின்னால் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

"எடுப்பேன்" என்றேன். "எப்ப அழுத்தினாலும் எடுப்பேன்."